டீயோடு வரும் தவிப்பு

புகையை இழுத்த 10 முதல் 20 நொடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய் டோபமைனைச் சுரக்க வைக்கிறது. டீ, சாப்பாடு முடிந்த நேரம், பஸ் ஸ்டாப் என எல்லாவற்றையும் மூளை அதோடு முடிச்சுப் போட்டுவிடும். புகைப்பதை விட்ட புதிதில் டீயை வேறு இடத்தில் குடியுங்கள். தவிப்பு வந்தால் ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும். முதல் சில நாட்கள்தான் பொல்லாதவை.

படபடப்புக்குக் காபியும் காரணமாகலாம். புகை நின்றதும் உடல் காஃபீனை மெதுவாகத்தான் வெளியேற்றும், அதனால் காபி அளவைப் பாதியாக்குங்கள்.

நிக்கோட்டின் சூயிங்கத்தை மிட்டாய்போல மென்றுவிட்டு, 'ஒண்ணும் கேக்கல' என்பவர்கள் பலர். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்க வேண்டும். காபி குடித்த கையோடு போட்டால் சரியாக ஏறாது.

இலவச ஆலோசனைக்கு: 1800-11-2356.