நீங்கள் அனுப்பும் மெயில் ஸ்பேமுக்குப் போகுதா?

"மெயில் அனுப்பிட்டேனே, வரலையா?" "ஒரு நிமிஷம், ஸ்பேம்ல பாக்குறேன்." வீட்டிலிருந்தே மசாலா பொடி விற்பவருக்கும், குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளருக்கும் இது பழகிப்போன பேச்சு. பில் ஸ்பேமில் கிடந்தால் பணம் வராது; கூட்ட அறிவிப்பு கிடந்தால் ஆள் வராது.

வங்கி கடன் தரும் முன் சிபில் ஸ்கோர் பார்க்கிறது இல்லையா? அதுபோல ஜிமெயில், யாகூ, அவுட்லுக் ஆகியவையும் அனுப்புபவரின் பழைய நடத்தையைப் பார்த்துத்தான் மெயிலை இன்பாக்ஸில் விடுகின்றன.

முதலில், அனுப்புவது நீங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும். சொந்த டொமைன் வைத்திருந்தால், அதன் டி.என்.எஸ். செட்டிங்ஸில் மூன்று பதிவுகள் தேவை. உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று எஸ்.பி.எஃப். சொல்லும். டி.கே.ஐ.எம். ஒவ்வொரு மெயிலிலும் டிஜிட்டல் முத்திரை குத்தும். இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று டிமார்க் சொல்லும். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் இந்த மூன்றும் கட்டாயம். சிறிய அளவில் அனுப்பினாலும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்கணும். போனில் காப்பி பண்ணும்போது ஒரு எழுத்து விட்டுப்போனாலும் பதிவு வேலை செய்யாது. இதை மட்டும் கணினியில் செய்யுங்கள். பிறகு உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மூன்றுக்கும் 'பாஸ்' என்று வர வேண்டும்.

இதெல்லாம் ஒருநாள் வேலை. பெயர் கெடுவது பெரும்பாலும் வேறு இடத்தில்: பெறுபவர் அழுத்தும் 'ஸ்பேம்' பட்டனில். இந்தப் புகார் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது கூகுள். அதாவது இன்பாக்ஸுக்குப் போன ஆயிரம் மெயிலில் மூணு பேர் கோபப்பட்டாலே ஆபத்து! காசு கொடுத்து வாங்கிய முகவரிப் பட்டியலில் மூணு பேர்தானா கோபப்படுவார்கள்? அதில் செத்துப்போன முகவரிகளும் நிறைய இருக்கும். திரும்பி வரும் ஒவ்வொரு மெயிலும் உங்கள் கணக்கில்தான் விழும்.

வேண்டாம் என்பவரை மறிக்காதீர்கள். விலகும் வழி தெரியாதவர் நேராக ஸ்பேம் பட்டனுக்குத்தான் போவார். விளம்பர மெயிலை மொத்தமாக அனுப்புபவர்கள் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தந்து, இரண்டு நாளுக்குள் பெயரை நீக்கிவிட வேண்டும் என்பதும் விதி.

ஏற்கெனவே பெயர் கெட்டுவிட்டதா? மொத்தமாக அனுப்புவதை உடனே நிறுத்துங்கள். சமீபத்தில் பதில் போட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சமாக அனுப்பி, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். தெரிந்த வாடிக்கையாளர்களை போனில் கூப்பிட்டு, ஸ்பேமில் கிடக்கும் மெயிலைத் திறந்து 'ஸ்பேம் இல்லை' என்று அழுத்தச் சொல்லுங்கள்.