நைட்ரோ கார்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

(பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்)

நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் ஆசைப்பட்டுக் கேட்கும் பொருள்களில் நைட்ரோ காரும் ஒன்று. இரண்டு சாண் நீளம்தான் இருக்கும். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஆனால் இது பாட்டரியில் ஓடும் பொம்மை அல்ல. உள்ளே உண்மையான எஞ்சின் இருக்கிறது. எரிபொருள் ஊற்ற வேண்டும், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், புகை விடும், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேலும் பாயும். வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவோ சித்தப்பாவோ அன்போடு வாங்கி வந்து கொடுக்கிறார். ஒரு மாதம் ஓடுகிறது. பிறகு பரண்மேல் ஏறிவிடுகிறது.

தில்லியில் எங்கள் வீட்டிலும் முதல் எஞ்சினின் கதை அப்படித்தான் முடிந்தது. குற்றம் எஞ்சினுடையது அல்ல, எங்களுடையது. இரண்டாவது எஞ்சின் நான்கு வருடங்களாக நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நானும் என் மகனும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், இந்தக் காரை ஓட்டுவது கால் பங்கு வேலை. பேணுவது முக்கால் பங்கு.

1. எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

இதன் எரிபொருள் மூன்று பொருள்களின் கலவை: மெத்தனால், நைட்ரோமெத்தேன், எண்ணெய். டப்பாவின் மேல் 16, 20, 25, 30 என்று போட்டிருப்பது நைட்ரோமெத்தேனின் சதவிகிதம். எண்ணெய் பெரும்பாலும் 8 முதல் 20 சதவிகிதம் வரை இருக்கும். மீதி மெத்தனால். எண்ணெய் என்றால் ஏதோ புதுப் பொருள் என்று நினைக்க வேண்டாம். நம் பாட்டிமார் கைவைத்தியத்துக்கு வைத்திருந்த விளக்கெண்ணெய் பல டப்பாக்களில் செயற்கை எண்ணெயோடு கலந்திருக்கிறது. கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாத குணம் அதற்கு உண்டு.

நைட்ரோமெத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. 1 கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.5 கிலோ போதும், நைட்ரோமெத்தேனுக்கு 1.7 கிலோ போதும். ஆகவே அதே அளவு காற்றில் அதிக எரிபொருளை எரிக்கலாம். வெறும் 3 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றுவதன் ரகசியங்களில் இது ஒன்று.

ஸ்கூட்டரில் இருப்பதுபோன்ற ஸ்பார்க் பிளக் இதில் கிடையாது. அதற்குப் பதில் க்ளோ பிளக். அதனுள் பிளாட்டினம் கலந்த சிறு சுருள்கம்பி இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது ஏறக்குறைய 1.5 வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் மின்சாரத்தை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தொடும்போது நடக்கும் வேதிவினையும், முந்தைய எரிப்பின் சூடும் சேர்ந்து கம்பியை அணையாமல் காக்கின்றன. அமெரிக்கரான ரே ஆர்டன் 1947-இல் இந்தப் பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெட்ரோலுக்கு இந்த வேதிவினை இல்லை. 'எரிபொருள் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிப் பார்க்கலாம்' என்பது நடக்காத காரியம், எஞ்சினுக்கும் கேடு.

முக்கியமான விஷயம் ஒன்று. இந்த எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. தண்ணீர் ரேடியேட்டரும் இல்லை. உராய்வைத் தடுக்கும் எண்ணெய் எரிபொருளோடுதான் உள்ளே போகிறது. எரியாத எரிபொருள் ஆவியாகும்போதுதான் எஞ்சினின் சூடும் பெருமளவு குறைகிறது. சாப்பாடு, தண்ணீர், மருந்து மூன்றும் ஒரே வாய் வழியாகப் போவது போல. அந்த வாயைச் சுருக்கினால் மூன்றும் சேர்ந்து குறைந்துவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாடத்தின் மீதி தானே விளங்கும்.

2. புது எஞ்சினைப் பழக்குதல்

இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் அலுமினிய பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், அதன் உட்புறத்தில் குரோமியப் பூச்சு. ஸ்லீவ் மேலே போகப் போகச் சற்றுக் குறுகும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிக்கும். சூடானதும் ஸ்லீவ் விரிந்து சரியான இடைவெளி கிடைக்கும். புது எஞ்சினில் கயிறு இழுக்கக் கஷ்டமாக இருந்தால் பழுது என்று எண்ண வேண்டாம். அதுதான் லட்சணம்.

முதல் நாலைந்து டாங்க் எரிபொருள் தீரும்வரை முழு வேகம் கூடாது. எரிபொருளைச் சற்று அதிகமாக விட்டு, மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு டாங்க் முடிந்ததும் எஞ்சினை முழுவதும் ஆறவிட வேண்டும். சூடாகி ஆறி, சூடாகி ஆறித்தான் இரண்டு உலோகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை கடினம். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இழுக்கும்போது கயிறு சட்டென்று நின்றுவிட்டால் பலம்கொண்டு இழுக்காதீர்கள். உள்ளே எரிபொருள் நிறைந்திருக்கும். பிளக்கைக் கழற்றி, துளையின்மேல் துணி போட்டு, மெதுவாக நாலு முறை இழுத்தால் வெளியேறிவிடும்.

3. ஊசித் திருகும் தில்லிக் குளிரும்

கார்புரேட்டரில் உள்ள ஊசித் திருகை வலப்பக்கம் திருகினால் எரிபொருள் குறையும். இடப்பக்கம் திருகினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திருகக் கூடாது. திருகிய பின் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த திருப்பம். கார் முழு வேகத்தில் போகும்போது பின்னால் மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும். புகை இல்லையென்றால் எண்ணெய் போதவில்லை என்று பொருள்.

சூட்டைப் பார்க்க ஓர் எளிய வழி: காரை நிறுத்தியதும் எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று முதல் ஐந்து விநாடிகளில் கொதித்து வற்றினால் சரி. விட்டவுடன் 'சுர்' என்று மறைந்தால் சூடு அதிகம். அப்படியே நின்றால் எரிபொருள் அதிகம். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 90 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் முதல் எஞ்சின் பாழானது இந்தத் திருகினால்தான். மே மாதம் 43 டிகிரி வெயிலில் திருகைச் சரியாக வைத்தோம். பரீட்சை, டியூஷன் என்று கார் சும்மா கிடந்தது. ஜனவரியில் ஒரு காலை, 5 டிகிரிக் குளிரில், திருகைத் தொடாமல் அப்படியே ஓட்டினோம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 43 டிகிரிக் காற்றைவிட 5 டிகிரிக் காற்றில் ஏறக்குறைய 14 சதவிகிதம் அடர்த்தி அதிகம். காற்று கூடியது, எரிபொருள் அதற்குத் தக்கபடி கூடவில்லை. "அப்பா, இன்னிக்குத்தான் சூப்பரா ஓடுது!" என்று மகன் குதித்தான். நானும் மகிழ்ந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் கீச்சென்று ஒரு சத்தம். பிஸ்டன் இறுகிவிட்டது.

எரிபொருள் குறைவான எஞ்சின் சாவதற்குச் சற்று முன்புதான் மிக வேகமாக ஓடும். புகையில்லாத வேகத்தைக் கண்டு மகிழக் கூடாது என்பதே அன்று கற்ற பாடம். வெயிலிலிருந்து குளிருக்கு மாறும்போது முதலில் கால் சுற்று இடப்பக்கம் திருகிவிட்டு, பிறகு சிறிது சிறிதாகச் சரிசெய்யுங்கள். பெங்களூரிலிருந்து சென்னைக்கு மாற்றலாகிப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே காற்று லேசானது. கீழே இறங்கினால் திருகையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

4. தூசி என்னும் எதிரி

வட இந்தியாவில் இருக்கிற நமக்கு ஆந்திப் புழுதியைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏர் ஃபில்டர் வழியாக ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனால் போதும். குரோமியப் பூச்சை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். ஃபில்டரில் உள்ள நுரைப்பஞ்சை ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பின்னும் கழுவி, உலர்த்தி, ஃபில்டர் எண்ணெய் தடவிப் பிசைந்து மாட்டுங்கள். எண்ணெய் இல்லாத பஞ்சு தூசியைப் பிடிக்காது. ஃபில்டர் கார்புரேட்டரின்மேல் இறுகப் பொருந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. ஓட்டும் முன் ஐந்து நிமிடம்

ரிமோட்டை முதலில் போடுங்கள், காரின் ரிசீவரைப் பிறகு. அணைக்கும்போது தலைகீழாக: காரை முதலில், ரிமோட்டைப் பிறகு. காரில் உள்ள சிறு பாட்டரி நடுவில் தீர்ந்துவிட்டால் கார் யார் பேச்சையும் கேட்காது. இரண்டு மூன்று கிலோ எடை அந்த வேகத்தில் வந்து ஒரு குழந்தையின் காலில் மோதினால் என்ன ஆகும்? ஆகவே தொடர்பு அறுந்தால் தானே பிரேக் பிடிக்கும் ஃபெயில்சேஃப் வசதி வேலை செய்கிறதா என்று, காரைத் தூக்கி வைத்து, ரிமோட்டை அணைத்து ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். திருகாணிகள், சக்கரங்கள், எரிபொருள் குழாய் எல்லாம் இறுக்கமா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

காலனியின் கார் நிறுத்தும் இடம் இதற்கு ஏற்றதல்ல. சத்தமும் புகையும் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த மைதானமே சரி. மூடிய இடத்தில் ஒரு நிமிடம்கூட எஞ்சினை ஓட விடக் கூடாது.

6. ஓட்டி முடித்த பின் அரைமணி

எஞ்சின்களில் பாதி ஓடிக் கெடுவதில்லை. சும்மா இருந்து துருவேறிக் கெடுகின்றன. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உள்ளே மிச்சமிருக்கும் எரிபொருள் இரண்டே வாரத்தில் பேரிங்கில் துரு ஏற்றிவிடக்கூடும். எனவே:

டாங்கைக் காலி செய்யுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து, குழாயில் இருக்கும் மிச்சமும் தீர்ந்து தானே நிற்கும்படி விடுங்கள். ஆறியதும் பிளக்கைக் கழற்றி, பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு, ஓட்டத்துக்குப் பின் விடுவதற்கென்றே விற்கும் எண்ணெயை விட்டு, கயிற்றை நாலைந்து முறை இழுங்கள். கடைசியாக பிஸ்டனை ஸ்லீவின் அடிப்பகுதிக்கு இறக்கி வையுங்கள். உச்சியில் விட்டால் ஸ்லீவ் குளிர்ந்து சுருங்கிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். சேஸிஸில் படிந்த பிசுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். ரிசீவர், சர்வோ பக்கம் தண்ணீர் கொண்டுபோக வேண்டாம்.

7. எரிபொருள்: இது உயிர் விஷயம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தச் சாராயத்தில் இருந்த விஷம் மெத்தனால். நம் பிள்ளையின் காருக்கு நாம் ஊற்றுவதிலும் பெரும்பகுதி அதுவே. இரண்டு டீஸ்பூன் அளவு உள்ளே போனாலே பார்வை போகலாம். பல டப்பாக்களில் இதற்குச் சிவப்போ பச்சையோ சாயம் சேர்த்திருப்பார்கள். பார்க்க சர்பத் போலவே இருக்கும்.

தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். அசல் டப்பாவிலேயே, இறுக மூடி, பூட்டிய அலமாரியில், அடுப்பும் பூஜை விளக்கும் இல்லாத அறையில் வையுங்கள். சாவி பெரியவரிடம் இருக்கட்டும். தோல் வழியாகவும் ஏறும் என்பதால் கையுறை போட்டு ஊற்றுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின் ஊற்றுங்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

யாராவது குடித்துவிட்டால், 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று காத்திருக்காதீர்கள். 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் பார்வை மங்கலும் மூச்சிரைப்பும் தெரியும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய் 'மெத்தனால்' என்று சொல்லுங்கள். முறிமருந்து உண்டு, நேரம் கடந்தால் பயனில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டிக்கு ஓட்டிக் காட்டப் பிள்ளை ஆசைப்படுவான். காரை எடுத்துச் செல்லலாம். டாங்க் காலியாக, உலர்ந்திருக்க வேண்டும். எரிபொருளை ரயிலில் கொண்டுபோவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். அதைவிட, பெட்டி முழுக்க இருக்கும் பிற குடும்பங்களை நினையுங்கள்.

இவ்வளவும் படித்தபின் 'நமக்கு நேரமில்லை, பூட்டி வைக்க இடமில்லை' என்று தோன்றினால் தயங்காமல் பாட்டரி காரையே வாங்கிக் கொடுங்கள். இன்றைய பாட்டரி கார்கள் வேகத்தில் குறைந்தவை அல்ல. நைட்ரோ காரின் பெருமை வேகத்தில் இல்லை. ஒரு பொருளைப் பயன்படுத்தியவனே துடைத்து வைக்க வேண்டும் என்று அது கற்பிப்பதில் இருக்கிறது.

வீட்டில் கேட்டுப் பார்க்க ஐந்து கேள்விகள்

1. பெட்ரோல் ஊற்றினால் இந்த எஞ்சின் ஏன் ஓடாது?
2. புகையே இல்லாமல் கார் மிக வேகமாக ஓடினால் மகிழலாமா?
3. ஜனவரியில் ஊசித் திருகை எந்தப் பக்கம் திருக வேண்டும்? ஏன்?
4. ஓட்டி முடித்தபின் பிஸ்டன் எங்கே நிற்க வேண்டும்?
5. எரிபொருள் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது?

முதல் நான்குக்கும் பிள்ளை பதில் சொன்னால் காரை அவனிடமோ அவளிடமோ கொடுக்கலாம். ஐந்தாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.