பழைய வரைபடத்தில் வடிகாலைத் தேடுங்கள்

"ஜிப்சம் போட்டும் உப்பு குறையவில்லையே!" என்று கடைமடைப் பகுதி விவசாயிகள் பலர் குறைப்படுவதுண்டு. உப்பு நீர் வெளியேற வழியில்லாத வயலில் எதை இட்டாலும் நிலைத்த பலன் கிட்டாது. அந்த வழி முன்பு எங்கே இருந்தது என்பதை அறிய, இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடம் உதவும்.

முத்துப்பேட்டை, வேதாரண்யம் பகுதிகள் '58 என்' வரிசைத் தாள்களில் அடங்கும். பழைய தாள்களில் ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும். பின்னர் வந்தவற்றில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர்.

படிக்கும் முறை

நீலம் நீரையும், மஞ்சள் சாகுபடி நிலத்தையும், பச்சை காட்டையும் குறிக்கும். சில மாதங்களே ஓடும் ஓடைகள் கறுப்புக் கோடாக இருக்கும். சிறு புல் கொத்து போன்ற குறி சதுப்பைக் காட்டும். உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகள் புதிய தாள்களில் 20 மீட்டருக்கு ஒன்று வீதம் வருவதால், தாழ்ந்த கடலோரத்தில் அவை அநேகமாக இரா. எனவே ஓடைகளின் போக்கையும் சதுப்பின் எல்லையையும் வைத்தே பள்ளத்தை அறிய வேண்டும்.

பாமணியாறு, கோரையாறு முதலியன முத்துப்பேட்டைக் காயலிலும் அலையாத்திக் காட்டிலும் பரவிய பிறகே கடலைச் சேர்கின்றன. கடல் ஏறும் வேளையில் வடிகால் நீர் மெதுவாகத்தான் இறங்கும். வாய்க்காலும் தூர்ந்திருந்தால், 2004 சுனாமியின்போது போல் கடல் நீர் புகும்போது, உப்பு வயலிலேயே தங்கிவிடும்.

செய்ய வேண்டியவை

1. ஊர்க் குளம், சாலை, கோயில் ஆகியவற்றைக் கொண்டு வரைபடத்தில் உங்கள் வயலின் இடத்தைக் கண்டு, அருகிலுள்ள ஓடையைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய தாளுடன் ஒப்பிட்டால் எது மறைந்தது என்பது தெரியும்.

2. இவ்வரைபடம் பட்டா எல்லைக்குச் சான்றாகாது. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். அங்கு வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால், ஊரார் சேர்ந்து தூர்வார மனுக் கொடுக்கலாம். பிறர் பட்டா நிலத்தில் வெட்டத் தொடங்க வேண்டாம்.

3. மண்ணைப் பரிசோதியுங்கள். வெறும் உவர் மண்ணானால் நன்னீரைத் தேக்கி வடித்தாலே போதும். களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம் தேவை. அதற்கும் வடிகால் வேண்டும். தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதும், உப்பைத் தாங்கும் திருச்சி 1 நெல்லைப் பயிரிடுவதும் கைகொடுக்கும்.

ஆற்றில் தண்ணீர் வருமுன், கோடையிலேயே இப்பணியைத் தொடங்குதல் நலம்.