ஸ்பானிய மொழியில் வேண்டுகோளும் உபசார மொழியும்

ஒரு மொழியின் சொற்களைக் கற்றல் எளிது. அவற்றை யாரிடத்து எவ்வாறு வழங்குவது என்பதைக் கற்றலே அரிது. இவ்வுண்மையை யாம் ஒரு கடிதத்தால் அறிந்தோம். ஸ்பானிய மொழி பயிலத் தொடங்கிய சில திங்களில், அம்மொழியில் வல்ல முதியவர் ஒருவருக்கு, ‘கியெரோ உன் லீப்ரோ’ என்று எழுதினோம். ‘எனக்கு ஒரு நூல் வேண்டும்’ என்பதே எம் கருத்து. நூல் வந்தது, அதனுள் எம் கடிதமும் திரும்பி வந்தது. ‘கியெரோ’ என்பது அடிக்கப்பட்டு, அதன்மேல் ‘கிஸியெரா’ என்று எழுதப்பட்டிருந்தது. வேறொரு சொல்லும் இல்லை. பெரிதும் நாணினோம்.

இவ்விரண்டும் ‘கெரெர்’ என்னும் ஒரே வினையிற் பிறந்தவை. முன்னது ‘விரும்புகிறேன்’ என நேரே கூறுவது. மூத்தோரிடத்துக் கட்டளைபோல் ஒலிக்கக்கூடும். பின்னது, ‘கிடைப்பின் மகிழ்வேன்’ என்றாற்போலத் தயங்கி, கேட்கப்பட்டவர் மறுத்தற்கும் இடந்தந்து நிற்பது. ‘மெ குஸ்தரீயா’ என்பதும் அத்தகையதே. இதன் நிகழ்கால வடிவமாகிய ‘மெ குஸ்தா’ தமிழ் மாணவர்க்கு மிக எளிது. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதிற்போல, ஆங்கும் விரும்புவோன் எழுவாயாகாது நான்காம் வேற்றுமைப் பொருளில் நிற்பான்.

முன்னிலைப் பெயரிலும் வேறுபாடு உண்டு. பொதுவாக நண்பரைத் ‘தூ’ என்றும், மதிப்பிற்குரியோரை ‘உஸ்தெத்’ என்றும் அழைப்பர். பின்னது, ‘உமது தயை’ எனப் பொருள்படும் ‘வுயெஸ்த்ரா மெர்ஸெத்’ என்னும் தொடரின் மரூஉ. ஆதலின், எதிரிலிருப்பாரைக் குறிப்பினும் அது படர்க்கை வினையே கொள்ளும்.

இனி, நாடோறும் வழங்கும் உபசார மொழிகள் சில. ‘போர் பவோர்’ என்பது ‘தயவுசெய்து’. ‘கிராஸியாஸ்’ என்பது ‘நன்றி’. அதற்கு விடையாகிய ‘தெ நாதா’, ‘யான் செய்தது ஒன்றுமில்லை’ எனத் தன்னுதவியைத் தானே சிறிதாக்குவது. உண்பாரைக் கண்டால் ‘கெ அப்ரோவெச்செ’ என்பர். ‘உணவு நலந்தருக’ என்னும் வியங்கோட் பொருளது. கைகூடுமோ என்று ஐயுறும் ஆசைக்கு ‘ஓஹாலா’ என்பது முன்வரும். ‘இறைவன் விரும்பின்’ என்னும் கருத்துடைய அரபுத் தொடரிலிருந்து வந்த இச்சொல், 711 முதல் 1492 வரை ஐபீரியத்தில் இசுலாமியர் ஆண்ட காலத்தின் சுவடாகும்.

இவற்றைக் கற்றபின் தொல்காப்பியத்தைத் திறந்தோம். இழிந்தோன் ‘ஈ’ என்றும், ஒப்போன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் இரத்தல் மரபென ஆசிரியர் வகுத்துள்ளார். அச்சூத்திரத்தைத் தேர்வுக்காக மனனஞ்செய்திருந்தும், ‘ஈ’ எனற்குரிய இடத்துக் ‘கொடு’ என்றன்றோ எழுதினோம்! தாய்மொழி முன்னரே கற்பித்த பாடத்தை வேற்றுமொழி வந்து நினைவூட்டிற்று.

நூலை இம்மாதம் திருப்பியனுப்பினோம். உடன் வைத்த கடிதத்தின் முதற்சொல் ‘கிராஸியாஸ்’. அடுத்த நூலை வேண்டிய வரியில் ‘கிஸியெரா’ என்று எழுதினோம்.