தையற்சாலைக் கணக்கும் அதன் காவலும்

தேனி ஜில்லாவில் ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் ஆகியவை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். தறிக்கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கிய காலத்தில், அதனைப் பெட்டியிலிட்டுப் பூட்டுதலே போதிய காவலாயிருந்தது. இக்காலத்துப் பெரிய தையற்சாலைகளிலோ, வெட்டிய துணிக்கட்டு ஒவ்வொன்றும் கோட்டுக்குறி பதித்த சீட்டுடன் செல்கின்றது. கருவி அச்சீட்டைப் படித்தவுடன், எந்தப் பெண் எத்தனை உருப்படி தைத்தாள் என்பது கணினியிற் பதிவாகிவிடும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோர்க்கு அவ்வெண்ணே சோறு. ஆகவே, கணக்குக் களவு போவதினும் ஒருவரும் அறியாமல் திருத்தப்படுவதே பெருங்கேடென்பது எமது கருத்து. திருத்தியவர் பெயரும் நேரமும் அழியாவண்ணம் தாமே பதிவாகும் ஏற்பாடு வேண்டும். மேஸ்திரிகள் அனைவரும் ஒரே கடவுச்சொல்லை வழங்குவாராயின் அவ்வேற்பாடும் வீணே.

2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் கொடுநிரல் ஏறக்குறைய 150 தேசங்களிற் கணினிகளைப் பூட்டிப் பணங்கேட்டது. ரெனால்ட், ஹோண்டா மோட்டார்ச் சாலைகளிலும் வேலை நின்றது. அதனைத் தடுக்குந் திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும் பலர் ஏற்றிக்கொண்டாரில்லை. வலைத்தொடர்பின்றி வைத்த பிரதியை இத்தகைய நிரல் தீண்டமாட்டாது.

வருகைப்பதிவிற்குக் கைரேகை வாங்குமிடத்தில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாதல் வேண்டும். கடவுச்சொல் வெளிப்படின் மாற்றலாம், விரலை மாற்றுவதெங்ஙனம்? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தக்க காவல் செய்யாமைக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் குறிக்கப்பட்டுள்ளது.