நினைவு என்னும் சுவடி

பாகப்பிரிவினையின்பொருட்டு உடன்பிறந்தோர் கூடி அமரும்போது எழும் ஒரு வழக்கினை நம்மிற் பலரும் கண்டிருப்போம். “தோப்பு எனக்கு என்று அப்பா சொன்னாரே, நீயும் பக்கத்தில்தானே நின்றாய்?” என்பார் மூத்தவர். “இல்லை அண்ணா, இருவருக்கும் பொது என்றுதான் சொன்னார்” என்பார் இளையவர். இருவரும் வாய்மையைப் பேணும் இல்லறத்தார். பொருளுக்காகப் பொய் சொல்லத் துணியாதவர். ஆயினும் ஒருவரை ஒருவர் பொய்யர் எனக் கருதிப் பிரிகின்றனர். சில குடும்பங்களில் அப்பிரிவு வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது.

இருவருமே பொய் கூறாதிருக்க, இருவர் நினைவும் மாறுபடுதல் கூடுமா? கூடும் என்பதே மூளை ஆய்வாளர் தரும் விடை. நினைவு எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு நிலைக்கிறது, எவ்வாறு மாறுகிறது என்பதை மூலக்கூறுகளின் அளவில் அவர்கள் ஆராய்ந்து கண்டவற்றுள் இன்றியமையாத சிலவற்றை இங்குக் காண்போம்.

முதலில் ஓர் உவமை. நம் முன்னோர் நூல்களைப் பனையோலையில் எழுதிக் காத்தனர். ஓலை நிலையானதன்று, செல்லரிக்கும், ஒடியும். ஆதலின் பழைய ஏடு சிதையுமுன் அதனைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர். ஏடு அழிந்தது, நூல் பிழைத்தது. நூல் பிழைத்ததும் பெயர்த்தெழுதியதனால்தான். பாடவேறுபாடு புகுந்ததும் அப்போதுதான். இவ்வுவமையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

நினைவு தோன்றும் இடம்

அமெரிக்காவில் ஹென்றி மொலெய்சன் என்பவர் கடுமையான வலிப்பு நோயால் வருந்தினார். 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பங்கினை அறுவை மருத்துவர் அகற்றினர். வலிப்புத் தணிந்தது. ஆனால் அன்றுமுதல் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்றுமுன் பேசியவரையே புதியவர்போல் வரவேற்பார். இளமைப் பருவத்து நிகழ்ச்சிகளையோ நன்கு நினைவுகூர்ந்தார்.

அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார், கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திர வடிவம் ஒன்றை வரையும் பயிற்சியைத் தந்தார். மூன்று நாட்களில் மொலெய்சனின் கை தேர்ச்சி பெற்றது. எனினும் அப்பயிற்சியைத் தாம் முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. இதனால் இரண்டு உண்மைகள் புலனாயின. நிகழ்ச்சிகளின் நினைவும் கைப்பழக்கத்தின் நினைவும் வெவ்வேறு வழிகளில் அமைவன. புதிய நிகழ்ச்சி நிலைபெற ஹிப்போகாம்பஸ் வேண்டும். நெடுநாள் முன்னர் நிலைபெற்ற பல நினைவுகளோ அது பழுதுற்ற பின்னும் எஞ்சி நிற்கின்றன. மொலெய்சன் 2008-இல் மறைந்தார்.

அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் ஹிப்போகாம்பஸும் ஒன்று. திருமண நாளைத் தெளிவாகக் கூறும் பாட்டி, காலையில் உண்டதை மறந்து ஒரே கேள்வியைப் பத்துமுறை கேட்பது இதனால்தான். அது பிடிவாதமன்று என்பதை இல்லத்தோர் உணர்தல் வேண்டும்.

நிலைபெறும் முறை

வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எரிக் கண்டெல், கடல் முயல் எனப்படும் ஒருவகை நத்தையை ஆராய்ந்தார். மனித மூளையில் பல்லாயிரங்கோடி நரம்பணுக்கள் உள்ளன. கடல் முயலுக்கோ சுமார் 20,000 மட்டுமே. அதன் நீர்க்குழாயை மெல்லத் தொட்டால் செவுளைச் சுருக்கிக்கொள்ளும். வாலில் ஒருமுறை மின் அதிர்ச்சி தந்தால், பின்னர் மெல்லத் தொட்டாலும் வேகமாகச் சுருக்கும். அவ்வச்சம் சில நிமிடங்களில் மறையும். இடைவெளி விட்டு நான்கைந்து முறை தந்தால் ஒரு நாளுக்கு மேலும், பல நாட்கள் தொடர்ந்தால் வாரக்கணக்கிலும் நீடிக்கும்.

இதன் உட்பொருள் யாது? ஒருமுறை அதிர்ச்சி நேரும்போது செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டு, நரம்பணுவினுள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூது மூலக்கூற்றைப் பெருக்குகிறது. அது புரதக் கைனேஸ் ஏ என்னும் நொதியை எழுப்புகிறது. அதன் விளைவாக, ஒரு நரம்பணு அடுத்ததனுடன் கூடும் இணைப்பிடத்தில் குளுட்டமேட் என்னும் செய்திப்பொருள் மிகுதியாகச் சுரக்கிறது. இங்கு நிகழ்வது முன்பே உள்ள புரதங்களின் மாற்றம் மட்டுமே. ஆதலின் விரைவில் தணிகிறது.

அதிர்ச்சி பன்முறை நேர்ந்தால் அந்நொதி உயிரணுவின் கருவுக்குள் சென்று, கிரெப் என்னும் புரதத்தின் வாயிலாகச் சில மரபணுக்களை எழுப்புகிறது. புதிய புரதங்கள் பிறக்கின்றன. புதிய இணைப்புகள் முளைக்கின்றன. ஓர் உணர்வு நரம்பணுவில் சுமார் 1,300 ஆக இருந்த இணைப்பு முனைகள், நெடுநாள் நினைவு பதிந்தபின் சுமார் 2,700 ஆகப் பெருகியதை ஆய்வாளர் எண்ணிக் கண்டனர். நீடித்த நினைவு என்பது மூளையின் உருவமைப்பிலேயே நிகழும் மாற்றம் என்க. இவ்வாய்வுகளுக்காக 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசினை மற்றும் இருவரோடு கண்டெல் பகிர்ந்துகொண்டார்.

பாலூட்டிகளின் மூளையிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. 1973-இல் பிளிஸ், லோமோ என்னும் இருவர், முயலின் ஹிப்போகாம்பஸில் இணைப்புகளை விரைந்து தூண்டியபோது அவை நெடுநேரம் வலுப்பெற்று நின்றதை வெளியிட்டனர். என்.எம்.டி.ஏ. ஏற்பி என்னும் புரதம் இதில் வாயிற்காவலனாக நிற்பது பின்னர்ப் புலனாயிற்று. அவ்வாயிலை மக்னீசியம் அயனி அடைத்திருக்கும். செய்தி அனுப்பும் அணுவும் ஏற்கும் அணுவும் ஒருங்கே கிளர்ந்தால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் உட்புகும், இணைப்பு வலுப்பெறும். ஒருங்கே நிகழ்ந்தவற்றை மனம் ஒருங்கே நினைப்பதற்கு இது ஓர் அடிப்படையாகும்.

அழியும் புரதம், அழியாத நினைவு

இங்கு ஒரு புதிர் எழுகிறது. மூளையிலுள்ள புரதங்களிற் பெரும்பாலானவை சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்து, புதியன அவ்விடத்தை நிரப்புகின்றன. அங்ஙனமாயின் 70 ஆண்டுக்கு முந்தைய பள்ளி நாள் எவ்வாறு நிலைக்கிறது? இவ்வினாவை 1984-இல் பிரான்சிஸ் கிரிக் எழுப்பினார். ஒரு மூலக்கூறு அழிந்தாலும் அதன் நிலை அடுத்ததற்குக் கைமாறுமாறு ஓர் ஏற்பாடு இருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார். கிப்ரா என்னும் புரதம் வலுப்பெற்ற இணைப்பிடத்திற்கு ஓர் அடையாளம்போல் நின்று, நினைவைக் காக்கும் பி.கே.எம். சீட்டா என்னும் நொதியை அங்கே பிணைத்து வைக்கிறது என்று எலிகளில் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் காட்டியது. முழு விடை இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. ஆயினும் ஓலை மாறியும் நூல் நிற்பதுபோல, பொருள் மாறியும் அமைப்பு நிற்கிறது என்பது தெளிவு.

நினைக்குந்தோறும் திறக்கும் ஏடு

பதிந்து நிலைபெற்ற நினைவு இனி மாறாது என்றே நெடுங்காலம் பெரும்பாலோர் கருதினர். 2000-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாதர், கிளென் ஷாஃபி, ஜோசப் லெடூ ஆகியோர் செய்த ஆய்வு இக்கருத்தை அசைத்தது. ஓர் ஒலியைக் கேட்டால் அஞ்சுமாறு எலிகளைப் பழக்கினர். அந்நினைவு நிலைபெற்ற பின்னர் ஒலியை மீண்டும் ஒருமுறை எழுப்பி, உடனே அமிக்டலா என்னும் பகுதியில் புதுப் புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தினைச் செலுத்தினர். அடுத்த நாள் எலிகளின் அச்சம் பெரிதும் மறைந்திருந்தது. ஒலியை எழுப்பாது மருந்தை மட்டும் செலுத்தியபோதும், நினைவூட்டி ஆறு மணி நேரம் கழித்துச் செலுத்தியபோதும் அச்சம் குறையவில்லை.

நினைவுகூர்தலால் ஏடு திறக்கப்படுகிறது. சில மணி நேரம் எழுத்து நெகிழ்ந்து நிற்கிறது. மீண்டும் புரதம் உண்டான பின்னரே இறுகுகிறது. எல்லா நினைவும் எப்போதும் இவ்வாறு திறப்பதில்லை. வலிமிக்க பழைய நினைவுகள் எளிதில் நெகிழா. எதிர்பாராத புதிய செய்தி சேரும்போது நெகிழ்தல் மிகுதி.

மனிதரிடத்தும் நினைவு மாறுவதற்குச் சான்று உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து எழுவர் மாண்டனர். அச்செய்தியை எங்கு, எவ்வாறு அறிந்தனர் என்பதை அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழக மாணவர்கள் மறுநாட் காலையிலேயே எழுதித் தந்தனர். இரண்டரை ஆண்டுக்குப் பின் அவர்களுள் 44 பேரை மீண்டும் கேட்டபோது, 11 பேர் கூறியவற்றில் ஒன்றேனும் முன் எழுதியதனோடு பொருந்தவில்லை. அவர்களிற் பலர் உறுதியோடு கூறினர். தம் கையெழுத்தையே காட்டியபோதும் புதிய நினைவையே மெய்யென நம்பினர். இதற்கு மேற்கூறிய மூலக்கூற்று மாற்றம் ஒன்றே காரணம் என்று முடிவு கட்டலாகாது. ஆயினும் உறுதியாக நினைப்பது வேறு, நடந்தது வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நாம் கொள்ளத்தக்கவை

தத்துவார்த்த சூத்திரம் மதிஞானத்தின் படிகளை அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை என வகுத்து, மனத்தில் நிறுத்தலாகிய தாரணையை இறுதியில் வைக்கிறது. நினைவாகிய ஸ்மிருதியையும் மதியின்பாற் சேர்த்து, மதியைப் பரோட்சம், அதாவது நேரடியன்றிப் பிறவற்றின் துணையால் வரும் அறிவு, என்று கொள்கிறது. மூலக்கூற்றியலை நம் முன்னோர் அன்றே கண்டனர் எனப் பெருமை பேச இதனைக் கூறவில்லை. நினைவை அறிவென ஏற்றும், அதனை முற்றறிவெனக் கொள்ளாத அவர்தம் அடக்கம் நமக்கும் வேண்டும் என்பதற்கே கூறினோம்.

இவ்வறிவு எலி, முயல், கடல்வாழ் உயிர்களின் துன்பத்தின்மேல் ஈட்டப்பட்டது என்பதையும் மறைத்தலாகாது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் மனம் நொந்தே இதனைப் படிக்கிறோம்.

மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய இரவில் ஒருசேரப் படிப்பதைவிட, நாள் இடைவெளி விட்டுப் பன்முறை படிப்பதே நிலைக்கும். பெற்றோர் தம் விருப்பத்தை வாய்ச்சொல்லாக விடாது, பிள்ளைகள் கூடியிருக்கும்போதே எழுதி வைத்தல் நன்று.

எழுதப்படாத சொல்லைப் பற்றி வழக்கெழுந்தால் என் செய்வது? 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கினார். சமணப் பெருமக்களை அணுகிக் கேட்டுத் தெளிந்தார். இரு சுவடிகள் மாறுபட்டன என்பதற்காக எழுதியவர்களைப் பொய்யர் என்று எவரும் பழிப்பதில்லை. அண்ணனும் தம்பியும் தம் நெஞ்சிலுள்ள ஒரே நாளின் இரு சுவடிகளை அவ்வாறே அருகருகே வைத்து, அன்று உடனிருந்தோரையும் கேட்டு, பொறுமையோடு படிப்பார்களாக. தோப்பு யாருக்கு ஆயினும் உறவு இருவருக்கும் எஞ்சும்.