கடல்நீரில் மெட்டல் டிடெக்டர் ஏன் கத்துகிறது?

ஜூஹுவிலோ கோவாவிலோ முழங்கால் அலையில் நிற்கும்போது கழுத்துச் சங்கிலி நழுவிவிட்டால், கையால் துழாவி எடுப்பது அரிது. மெட்டல் டிடெக்டர் கைகொடுக்கும். ஆனால் உலர்ந்த மணலில் ஒழுங்காக வேலை செய்த கருவி, தண்ணீரைத் தொட்டதும் ஓயாமல் கீச்சிடும். காரணம் தெரிந்தால் பரிகாரம் எளிது.

கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருளில் எழும் மாறும் காந்தப்புலம், அருகிலுள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதை உணர்ந்தே கருவி ஒலிக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். மெல்லிய தங்கச் சங்கிலியும் உப்புநீரும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும்.

மற்றொரு தொல்லை, வெளியிலிருந்து வரும் மின் இடையூறு. மின்கம்பி, கடை விளக்குகள், செல்போன், பக்கத்தில் இயங்கும் இன்னொரு டிடெக்டர் ஆகியவை இதற்குக் காரணம்.

எது தொல்லை என்று எப்படி அறிவது? சுருளைத் தண்ணீருக்கு மேலே தூக்கி அசையாமல் பிடியுங்கள். அப்போதும் இரைந்தால் மின் இடையூறு. அங்கே அமைதியாகி, நீரில் வீசும்போது மட்டும் கத்தினால் அது உப்பின் வேலை.

மின் இடையூறுக்கு:

1. செல்போனை அணைத்துக் கரையில் வையுங்கள்.

2. கருவியில் அதிர்வெண்ணை மாற்றும் வசதி இருந்தால் சற்று மாற்றிப் பாருங்கள்.

3. இரைச்சல் அடங்கும் அளவுக்கு மட்டும் உணர்திறனைக் குறையுங்கள். எட்டும் ஆழம் குறையும். ஆனால் கேட்கும் ஒலியை நம்பலாம்.

உப்புக்கு:

1. தேடப்போகும் இடத்திலேயே கருவியைச் சமன்செய்யுங்கள்.

2. சுருளை முழுதும் நீருக்குள் வைத்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் மெதுவாக வீசுங்கள். உள்ளும் வெளியுமாக எடுத்தால் ஒலி குழம்பும்.

3. சில ஒலிகளை ஒதுக்கும் வசதியை அளவோடு பயன்படுத்துங்கள். உப்பை முற்றிலும் ஒதுக்கினால் சங்கிலியும் சேர்ந்து ஒதுங்கிவிடும்.

கருவி வாங்குவோர், ஒற்றை அதிர்வெண் கருவியைவிடப் பல அதிர்வெண் கருவியையோ, துடிப்பு முறைக் கருவியையோ தேர்ந்தெடுப்பது நல்லது. துடிப்பு முறையில் காந்தப்புலம் அணைந்தபின் ஒரு கணம் பொறுத்தே கருவி கேட்கும். அதற்குள் உப்புநீரின் மின்னோட்டம் அடங்கிவிடும்; உலோகத்தினுடையது சற்று நீடிக்கும்.

நீர் புகாத கருவிதானா என்று பார்த்துவிட்டு, நீர் வற்றும் வேளையில் இறங்குங்கள். மண்ணில் புதைந்த பழைய காசு ஏதும் அகப்பட்டு, மதிப்பு 10 ரூபாய்க்கு மேலிருந்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.